ஒட்டுக் கட்டிய இடத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும்

அரசுப் பாடநூல் எதைப் புரட்டினாலும் தொடக்கப் பக்கங்களில் தீண்டாமை பற்றி ஒரு வாசகம் இருக்கும். இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்கள் படித்த புத்தகங்களில் தீண்டாமையின் மீது மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. அது பாவம், பெருங்குற்றம், மனிதத்தன்மைக்குப் புறம்பானது என்பவை அவை. இப்போதைய புத்தகங்களில் அது ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. மனிதநேயம் அற்றது, பெருங்குற்றம் என்ற இரண்டு மட்டும் நிற்கின்றன. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் ஒரு பிள்ளை இந்த வாசகத்தை எத்தனை முறை தாண்டிப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே நிறுத்தி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, பொருள் சொன்ன வகுப்புகள் எத்தனை? தேர்வுக்கு வராத பக்கம் என்பதால் எல்லோரும் அதைத் தள்ளிவிட்டே பாடத்துக்குப் போகிறோம்.

காவேரிப்பட்டினம் சுற்றுவட்டாரத்துக் காலனிகளில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள் ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் விரல் வைத்துப் படித்துவிட்டு நிமிர்ந்தான். “தீண்டாமைன்னா தொடக் கூடாதுன்னு அர்த்தமாண்ணா? யாரைத் தொடக் கூடாது?” பக்கத்தில் இருந்த சிறுமி முழங்கையால் அவனை இடித்தாள். பேசாதே என்று பொருள். பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் மூன்றாம் வகுப்பு.

எந்த ஆசிரியரும் அவளுக்கு அதை நடத்தவில்லை. எந்தப் புத்தகத்திலும் அவள் அதைப் படிக்கவில்லை. ஆனாலும் யார் யாரைத் தொடக் கூடாது என்பதையும், அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதையும் எட்டு வயதுக்குள் முழுதாகக் கற்று முடித்திருந்தாள். இப்படிச் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக் கொடுக்கப்படுவதற்குப் பெயர்தான் கருத்தியல்.

கருத்தியல் என்ற சொல்லைக் கேட்டாலே அது கல்லூரிக்காரர்கள் சங்கதி, கட்சிக் கூட்டத்துச் சங்கதி என்று ஒதுங்குகிறோம். சிறு பிள்ளைகளுக்கு அதை விளக்க முடியுமா, விளக்கலாமா என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். விளக்க முடியும். நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை விளக்காமல் இருக்க நமக்கு உரிமை இல்லை என்பதே எங்கள் கருத்து.

கொள்கை வேறு, கருத்தியல் வேறு

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். தமிழில் கொள்கை என்ற சொல் ‘கொள்’ என்ற வினையில் பிறந்தது. நாம் யோசித்து, விரும்பி எடுத்துக்கொள்வது கொள்கை. மது குடிப்பதில்லை, வரதட்சணை வாங்குவதில்லை என்று ஒருவர் முடிவு செய்தால் அது அவர் கொள்கை. எப்போது எடுத்தார், ஏன் எடுத்தார் என்று அவரால் சொல்ல முடியும்.

கருத்தியல் அப்படி இல்லை. அது நாம் எடுத்துக்கொள்ளும் முன்பே நம்மை எடுத்துக்கொண்டிருக்கும். “எப்பவும் அப்படித்தானே”, “ஊர் வழக்கம்”, “அது அவங்க சுபாவம்”, “பொம்பளைப் பிள்ளைன்னா அப்படித்தான்” என்று சொல்லும்போது நாம் கருத்து சொல்வதாக நினைப்பதில்லை. மழை பெய்கிறது என்பதுபோல உண்மையைச் சொல்வதாகவே நினைக்கிறோம். மனிதர்கள் செய்து வைத்த ஓர் ஏற்பாட்டை இயற்கை மாதிரிக் காட்டுவதுதான் கருத்தியல் செய்யும் வேலை.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போன பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், இனி உங்களுக்கு எதுவும் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். அதை அவர்களே வீடியோவாக எடுத்தும் பரப்பினார்கள். கையில் காசோடு நின்ற பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கடைக்குச் சீல் வைத்தார்கள், வழக்குப் பதிவானது, கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றமும் உத்தரவிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் மனதில் நின்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது? கட்டுப்பாடு என்றால் என்ன? யார் போட்டது? எங்கள் மேல் ஏன்?

அன்று பாஞ்சாகுளத்தில் ஒருவர் குழந்தைகளுக்குக் கருத்தியலை விளக்கினார். அவர்தான் அந்தக் கடைக்காரர். நாம் விளக்காவிட்டால் விளக்குவதற்கு இப்படி ஆள் இருக்கிறார்கள்.

சந்தூர் மாங்கன்று சொல்லும் பாடம்

எப்படி விளக்குவது? நம் ஊரிலேயே அதற்கு நல்ல பாடம் இருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூரில் ஒட்டு மாங்கன்று உற்பத்தி செய்யும் நாற்றுப் பண்ணைகளைப் பார்க்காத பிள்ளை நம் பகுதியில் குறைவு. பலருடைய அம்மாக்கள் அங்கே கூலி வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டுக் கட்டுவது எப்படி என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்கள்தான் நமக்குச் சொல்வார்கள்.

மாங்கொட்டை முளைத்துச் சிறு கன்றாக நிற்கும். அதன் தலையை வெட்டிவிட்டு, வேறொரு தாய் மரத்திலிருந்து எடுத்த குச்சியைப் பொருத்தி, பிளாஸ்டிக் பட்டையால் சுற்றிக் கட்டுவார்கள். சில வாரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கட்டை அவிழ்த்தபின் பார்க்கிறவருக்கு அது ஒரே செடி. சில ஆண்டு கழித்து அதில் காய்க்கும் பெங்களூராவைப் பார்த்து, இந்த மரம் பிறவியிலேயே இப்படி என்றுதான் எவரும் சொல்வார். ஆனால் அடியில் குனிந்து பார்த்தால் ஒட்டுக் கட்டிய இடத்தில் தழும்பு தெரியும். இன்னொன்றையும் பிள்ளைகள் சொல்வார்கள். அந்தத் தழும்புக்குக் கீழே கொட்டைச் செடியின் சொந்தத் துளிர் அவ்வப்போது வெடித்துக் கிளம்பும். அதை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் ஒட்டு நிற்காது.

இதைவிடத் தெளிவாகக் கருத்தியலை எந்தப் பேராசிரியர் விளக்க முடியும்? இரண்டு தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூட மைதானத்தில் கட்டிப் புரண்டு விளையாடுவது கீழிருந்து வரும் துளிர். “அவன்கூடச் சேராதே”, “அவங்க வீட்டுல தண்ணி குடிக்காதே” என்பது கிள்ளும் கை. பத்து வயதுக்குள் நூறு முறை கிள்ளப்பட்ட பிள்ளை, பதினைந்து வயதில் கையில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வரும்போது, அது அவன் ரத்தத்தில் ஊறியது என்கிறோம். யாருடைய ரத்தத்திலும் சாதி இல்லை. கட்டியவர்கள் இருக்கிறார்கள், கட்டிய இடமும் இருக்கிறது.

ஆகவே எதைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கும்படி பிள்ளைகளிடம் சொல்கிறோம். இது பிறவியா, ஒட்டா? ஒட்டு என்றால், கட்டியது யார்? காய் யாருக்குப் போகிறது?

மூன்று கேள்வி கேட்டால் என்ன நடக்கும்

இந்தக் கேள்விகளை நேரே சாதியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து தொடங்கலாம். சாப்பிட்ட தட்டை அண்ணன் அப்படியே வைத்துவிட்டுப் போகிறான், தங்கை எடுத்துக் கழுவுகிறாள். தட்டுக் கழுவுவது பெண்ணின் கைக்குப் பிறவியிலேயே வந்ததா? கட்டியது யார்? காய் யாருக்குப் போகிறது? இந்தக் கேள்வியை நாம் போட்டவுடன் பையன்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், பெண் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கருத்தியல் என்றால் என்னவென்று அந்த நிமிடத்தில் இரு தரப்புக்கும் தெரிந்துவிடுகிறது.

அடுத்து டிவி விளம்பரம். சிவப்பாக இருந்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று பல ஆண்டு சொல்லி விற்ற கிரீம் ஒன்று, 2020இல் ‘ஃபேர்’ என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது. கறுப்புக்குக் கூச்சப்படும் பிள்ளையின் மனம் மாறியதா? கறுப்பு அழகில்லை என்பது பிறவியா, ஒட்டா? அதில் காய் பறித்தது யார்? வகுப்பில் எந்தப் பிள்ளையும் இதற்குப் பதில் சொல்லிவிடும்.

அங்கிருந்து நம் தெருவுக்கு வரலாம். 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகவும் வசையாகவும் ‘காலனி’ என்ற சொல் ஆகிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறோம். இந்தக் கட்டுரையில் நாமே அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டியிருப்பது, அது இன்னும் நம் வாயை விட்டுப் போகவில்லை என்பதற்குச் சான்று. பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: பெங்களூரிலும் ஓசூரிலும் பணக்காரர்கள் வீடு கட்டிய இடங்களுக்கும் காலனி என்று பெயர் உண்டு. அங்கே கெளரவமாக இருக்கும் சொல், நம் ஊரில் பள்ளிக்கூடத்துச் சண்டையில் வசையாக மாறியது எப்படி? அழுக்கு சொல்லில் இருந்ததா, சொன்னவர் மனதில் இருந்ததா? பெயர்ப் பலகையை மாற்றினால் போதுமா, அந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் வர வேண்டுமா? ஊர், கொட்டாய், காலனி என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும் நம் வரைபடமே பிள்ளைகளுக்கு முதல் பாடநூல். அதை வாசிக்கக் கற்றுக் கொடுப்போம்.

பாடநூலின் முதல் பக்கத்தையும் இப்படி வாசிக்கலாம். முன்பு இருந்த ‘பாவம்’ இப்போது இல்லை. பாவம் என்பது கடவுளிடம் கணக்குத் தீர்க்கும் சொல். போன பிறவியில் பாவம் செய்ததால்தான் இந்தச் சாதியில் பிறந்தாய் என்று நம் முன்னோர்களிடம் சொல்லப்பட்டதும் அதே சொல்லை வைத்துத்தான். குற்றம் என்பது சட்டத்தின் சொல். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்குத் தண்டனை வகுத்தன. பாவம் என்றால் சாமியிடம் போக வேண்டும், குற்றம் என்றால் காவல் நிலையத்துக்குப் போகலாம். ஒரு சொல் மாறினால் நாம் போய் நிற்கும் இடமே மாறுகிறது என்று சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

பிஞ்சு மனதில் நஞ்சா?

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. குழந்தைகள் கள்ளங்கபடம் இல்லாமல் இருக்கிறார்கள், சாதி, அரசியல் என்று பேசி அவர்கள் மனதைக் கெடுக்காதீர்கள் என்பது அந்த வாதம். சொல்பவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆகவே மதித்துப் பதில் சொல்வோம்.

அண்ணல் அம்பேத்கர் தம் சிறுவயது அனுபவங்களை எழுதியிருக்கிறார். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார முடியாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கில் தனியே உட்கார்ந்தார். தாகம் எடுத்தால் குழாயைத் தொட முடியாது, பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். சத்தாராவில் முடிவெட்டுபவர்கள் இருந்தும் அவர் அக்காதான் வீட்டில் முடிவெட்டினார். 1901இல், ஒன்பது வயதில், தந்தையைப் பார்க்கப் போன பயணத்தில் மாட்டு வண்டிக்காரர் தீட்டு என்று முறுக்கிக்கொண்டதும், இரவு முழுக்கக் குடிநீர் கிடைக்காமல் பிள்ளைகள் தவித்ததும் நடந்தன. அந்தப் பயணத்துக்கு முன்பே தாம் தீண்டத்தகாதவர் என்பது தமக்குத் தெரியும் என்கிறார். ஒன்பது வயதுக்கு முன்பே தெரிந்துவிட்டது! நம் பிள்ளைகளுக்கு அனுபவம் முதலில் வருகிறது, அதற்கான விளக்கம்தான் வரவில்லை. விளக்கம் கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? தவறு தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்ளும். பள்ளியை விட்டு நிற்கும் நம் பிள்ளைகள் பலரிடம், படிப்பு ஏறவில்லை என்ற பதிலுக்குப் பின்னால் இந்த நினைப்பு ஒளிந்திருக்கிறது. கள்ளங்கபடமின்மையைக் காப்பாற்றுவோம் என்பது, அது ஏற்கெனவே பறிக்கப்பட்ட பிள்ளைக்கு ஆறுதல் ஆகாது.

பிள்ளைகளால் இதைப் புரிந்துகொள்ள முடியுமா என்பவர்களுக்கு 1855ஆம் ஆண்டு பதில் சொல்லும். ஜோதிபா புலேயும் சாவித்திரிபாயும் புனேயில் 1848 முதல் நடத்திய பள்ளிகளில் படித்த முக்தா என்ற மாங் சாதிச் சிறுமி, மாங்குகளும் மகர்களும் படும் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். ‘ஞானோதயா’ என்ற மராத்தி இதழ் அந்த ஆண்டு அதை வெளியிட்டது. வேதம் எங்களுக்கு மட்டுமே உரியது என்று மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள் என்றால், அதைத் தொடக்கூட உரிமை இல்லாத எங்கள் மதம் எது என்று அவள் கேட்டாள். சில ஆண்டுகளே பள்ளிக்கூடம் போன சிறுமி அவள். ஒட்டுக் கட்டிய இடத்தை அவள் சரியாகத் தொட்டுவிட்டாள்.

கடல் தாண்டியும் ஒரு பாடம் இருக்கிறது. 1968 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரின் ஆசிரியை ஜேன் எலியட், வெள்ளையினப் பிள்ளைகள் மட்டுமே இருந்த தம் மூன்றாம் வகுப்பில் ஒன்று செய்தார். நீலக்கண் பிள்ளைகள் ஒரு பக்கம், பழுப்புக்கண் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்து, ஒரு தரப்பு உசத்தி என்று அறிவித்துச் சலுகை கொடுத்தார். அடுத்த முறை தரப்பை மாற்றினார். உசத்தி என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் மற்றவர்களை ஏளனம் செய்யத் தொடங்கினார்கள். மட்டம் என்று சொல்லப்பட்டவர்கள் பாடத்திலும் பின்தங்கினார்கள். ஒட்டுப் பிடிக்க ஒரு நாள் போதும் என்று உலகம் பார்த்தது. பிள்ளைகளை அழவைத்த அந்த முறையை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை ஏற்கெனவே தினமும் நடக்கிறது. ஆனால் அதைப் பார்த்து யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

இரண்டு தெருவுக்கும் வேண்டிய பாடம்

இந்தப் பாடம் நம் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்தால் பாதி வேலைதான் நடக்கும். 2012 நவம்பர் 7 அன்று பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்டன. ஒரு காதல் திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. எரித்தவர்கள் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை. அதே சாலையில் பஸ் ஏறியவர்கள், அதே சந்தையில் நின்றவர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், அவனோடு அதே பள்ளியில் படித்த சிறுவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டிய பிள்ளைகளின் கையில் அரிவாளைக் கொடுத்தது எது? அவர்களும் ஒரு காலத்தில் யாரோ கிள்ளிவிட்ட துளிர்கள்தான். வெட்டுப்பட்டவன் உடம்பில் தழும்பு, வெட்டியவன் வாழ்க்கையில் வழக்கு. காய் யாருக்குப் போயிற்று என்று அந்தத் தெருப் பிள்ளைகளும் கேட்கக் கற்க வேண்டும்.

அதே 2023இல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவானபோது, கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. பசித்த பிள்ளைக்குச் சூடான உணவு முன்னால் இருக்கிறது. கை நீள்கிறது. எங்கோ இருந்து ஒரு குரல் கையைப் பின்னால் இழுக்கிறது. பசியைவிட வலிய அந்தக் குரலின் பெயரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நஞ்சா, மருந்தா?

ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும் அப்பாக்களும் அக்காக்களும் இந்த முரணைத் தினமும் பார்க்கிறார்கள். உள்ளே எல்லோருக்கும் ஒரே யூனிபார்ம், ஒரே கேன்டீன். வெளியே வாடகை வீடு தேடினால், “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி. காலையில் ஒரே பெஞ்சில் சாப்பிட முடிந்தவர்கள் மாலையில் ஒரே காம்பவுண்டில் குடியிருக்க முடியாமல் போவது எப்படி என்று பிள்ளைகள் முன்னால் பேசுங்கள். யூனிபார்ம் கழன்றதும் எது வெளியே வருகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நம்முடையதும் ஒட்டுதான்

இங்கே ஓர் நேர்மையான கேள்வி எழும். அப்படியானால் அம்பேத்கர், பெரியார், சமத்துவம் என்று நீங்கள் சொல்லிக் கொடுப்பதும் ஒட்டுத்தானே?

ஆம், ஒட்டுதான். எவரும் பிறவியிலேயே சமத்துவவாதி இல்லை. ஒட்டு என்றாலே கெட்டது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். வேறுபாடு என்னவென்றால், அவர்கள் கட்டிய இடத்தை மறைத்து, பிறவி என்று சத்தியம் செய்கிறார்கள். நாம் கட்டிய இடத்தைக் காட்டிவிட்டுக் கட்ட வேண்டும். ஏன் சமத்துவம் என்று பிள்ளை கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்த மூன்று கேள்விகளை நம்மை நோக்கியும் கேட்க விட வேண்டும்.

அதற்கு நாம் தயாரா? பறையர் தெருவும் அருந்ததியர் தெருவும் அடுத்தடுத்து இருந்தும் பெண் கொடுத்து எடுக்காதது பிறவியா, ஒட்டா? அண்ணல் சிலைக்கு மாலை போட்டுவிட்டு, வீட்டில் மகளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துவது யார் கட்டிய ஒட்டு? இந்தக் கேள்விகளைப் பிள்ளைகள் கேட்கும்போது வாயை மூடு என்று சொன்னால், அவர்களுக்கு நாம் கொடுத்தது கருத்தியல் கல்வி ஆகாது. இன்னொரு சாமி கொடுத்தோம், அவ்வளவுதான்.

இந்த வழி நமக்குப் புதிதும் இல்லை. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். பேராசிரியர்களுக்காக நடத்தப்பட்ட இதழ் அது இல்லை. விலையே ஒரு பைசா. ஒவ்வொரு சொல்லையும் பண்டிகையையும் கதையையும் எடுத்து, இது யார் வைத்த பெயர், அதற்கு முன் என்ன இருந்தது என்று தோண்டுவது அவர் முறை. கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டியவுடன் இருக்கும் கோலார் தங்கவயலில், பூமிக்கு அடியில் வேலை பார்த்த தொழிலாளர்கள் அதை வாங்கினார்கள், பௌத்த சங்கக் கிளை அமைத்தார்கள். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு, பின்னாளில் ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தது அந்தத் தங்கவயலிலிருந்துதான். சுரங்கத்தில் உழைத்துவிட்டு வந்தவர்களுக்குப் புரிந்தது, பள்ளிக்கூடம் போகும் அவர்களின் கொள்ளுப் பேரர்களுக்குப் புரியாதா?

இனி என்ன செய்யலாம்

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் வேண்டாம், சாதியைக் காட்டும் கயிறும் குறியும் வேண்டாம், மாணவரின் சாதி விவரம் வகுப்பில் வெளியே தெரியக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரை இருக்கிறது. அவை நடைமுறைக்கு வர வேண்டும் என்று தொடர்ந்து கேட்போம். ஆனால் கயிற்றை அறுப்பது ஒரு நிமிட வேலை. கயிறு ஏன் கட்டினாய் என்று அந்தப் பிள்ளையோடு பேசுவதற்கு ஓர் ஆண்டு வேண்டும். அதற்கு ஆசிரியர் வேண்டும், பாடவேளை வேண்டும்.

ஆசிரியர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். புதிய புத்தகம் கொடுக்கும் முதல் வாரத்தில், ஒரே ஒரு பாடவேளையை அந்த முதல் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். அரசு அச்சிட்ட வாசகத்துக்குப் பொருள் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பெற்றோருக்குச் சொல்வது இது. “அதெல்லாம் உனக்கு எதுக்கு, படிக்கிற வேலையைப் பாரு” என்று பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். தண்ணீர்க் குழாயடியில், டீக்கடையில், திருவிழாவில் உங்கள் பிள்ளை கண்டது என்ன என்று கேளுங்கள். அவமானப்பட்டு வந்திருந்தால், தவறு உன்னிடம் இல்லை என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். மற்ற விளக்கம் பிறகு வரலாம்.

கல்லூரி மாணவர்களே, பட்ட வகுப்பில் கருத்தியல் என்று நீங்கள் படிப்பது உங்கள் தெருவில் எட்டு வயதில் தொடங்குகிறது. வாரத்தில் ஒரு மாலை, சமுதாயக் கூடமோ வேப்பமரத்தடியோ, பத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்காருங்கள். பெரிய பேச்சு வேண்டாம். மூன்று கேள்விகளைக் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஊர்த்தெருவிலிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தால் அதையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளையைக் கிள்ள ஒரு கை வரும். வரட்டும். உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரத்தை யாராலும் திரும்ப எடுத்துவிட முடியாது.